ஊசி எவ்வளவு உள்ளே போகலாம்? அக்குபங்சரில் புள்ளிவாரியாக ஆழம், கோணம், ஊசி அளவு

#1 கத்துக்குட்டி

அக்குபங்சர் டிப்ளமா படிக்கிறேன். பாடத்தில் ஆழமெல்லாம் சுன் என்ற சீன அளவில்தான் இருக்கிறது. ஜிபி 21-க்கு (தோள் மேட்டில்) 0.5 முதல் 0.8 சுன், எஸ்டி 36-க்கு (முழங்காலுக்குக் கீழே) 1 முதல் 2 சுன், யூபி 13-க்கு (மேல்முதுகில்) சாய்வாக 0.5 முதல் 0.8 சுன். எழுத்து புள்ளி இருக்கும் தடத்தின் பேர், எண் அதில் அதன் வரிசை. ஊசிப் பொட்டலத்திலோ 0.25 x 25, 0.25 x 40 என்று கனமும் நீளமும் மில்லிமீட்டரில். 1 சுன்னுக்கு 25 மி.மீ. என்று மாற்றிக்கொண்டால் போதுமா? ஊசியின் கீழே 'தே சி' என்கிற குடைச்சல், பார உணர்வு வரும்வரை இறக்கு என்கிறார் ஒருவர், தோலோடு நிறுத்து என்கிறார் இன்னொருவர். தோள், முதுகுப் பக்கம் எதுவரை பயமில்லை? தெரிந்தவர்கள் புள்ளிவாரியாகச் சொன்னால் நல்லது.

#2 பழையஊசி

தம்பி, சுன் இரண்டு வகை இருக்கு. கடைக்காரன் சுன் ஒண்ணு, உடம்புச் சுன் ஒண்ணு.

சீன ஊசி விற்கிறவர்கள் அரை சுன் ஊசி என்றால் 13 மி.மீ., ஒரு சுன் என்றால் 25, ஒன்றரை 40, இரண்டு 50, மூன்று 75. இது வியாபாரக் கணக்கு, மாறாது. பாடத்தில் ஆழத்துக்கும் புள்ளி தேடவும் சொல்கிற சுன் அது கிடையாது. படுத்திருப்பவரின் கட்டைவிரல் கணுவின் அகலம்தான் ஒரு சுன். உங்க விரல் இல்லை, அவருடைய விரல். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் ஒட்டி வைத்தால் 1.5. நாலு விரலையும் ஒட்டி, நடுவிரலின் நடுக்கணு மட்டத்தில் அளந்தால் 3.

ஒல்லியான ஒரு அம்மாவுக்குக் கட்டைவிரல் கணு 18 மி.மீ. என்று வைங்க. 0.8 சுன் என்றால் 14 மி.மீ. சொச்சம். கடைக் கணக்கில் அதே 0.8 சுன் 20 மி.மீ. ஆகிடும். இந்த 6 மி.மீ. எஸ்டி 36-இல் ஒன்றும் செய்யாது, அங்கே இருப்பது கெட்டியான காலுத்தசை. ஜிபி 21-இல் அந்த 6 மி.மீ.க்குள்தான் நுரையீரல் உறை இருக்கு. அதனால 25-ஆல் பெருக்குகிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுடுங்க.

இன்னொன்று. விரல் சுன் குட்டைத் தூரத்துக்குத்தான். நீளத்துக்கு உடம்பையே பங்கு போடணும். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கப் பள்ளத்திலிருந்து (எஸ்டி 35) வெளிக் கணுக்கால் முட்டி வரை 16. ஒருவருக்கு முன்கை 24 செ.மீ. என்றால் அங்கே சுன் 2 செ.மீ. விரல் சுன்னும் பங்குச் சுன்னும் ஒத்துவரலைன்னா பங்குச் சுன் பக்கம் போங்க.

#3 எலும்புக்கூடு

பழையஊசி சொன்னதோடு உடற்கூறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுகில் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டியும், முன்னால் காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டிலும், தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ.தான். நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் உப்பியவருக்கு இன்னும் குறையும். நுரையீரல் விலாக்கூட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் உச்சி காறை எலும்புக்கு மேலே இரண்டரை செ.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்கும். ஜிபி 21-இல் நேர்க்குத்தாக இறங்கும் ஊசியின் பாதை அந்தப் பக்கம்தான்.

உறைக்குள் காற்று புகுந்தால் நியூமோதோராக்ஸ். அக்குபங்சரில் பதிவான பெரிய விபத்துகளில் அடிக்கடி வருவது இதுதான். ஊசி போட்டவுடன் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகு, மூச்சை இழுத்தால் குத்துகிற மார்வலி, வறட்டிருமல், படியேறினால் இளைப்பு. தோள், மார்பு, மேல்முதுகில் ஊசி போட்ட யாரையும் இதைச் சொல்லாமல் அனுப்பக்கூடாது. அவர் போனில் சொன்னால் 'கழிவு வெளியேறுது, சரியாயிடும்' என்று பதில் சொல்லாதீர்கள். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் நேரே அவசரப் பிரிவு.

ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. 8.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு. அதில் பெரும்பகுதி சின்ன ரத்தக்கசிவும் கன்றிப்போவதும்தான், 6.1 சதவீதம். நியூமோதோராக்ஸ் 2 பேருக்கு. எண் சின்னதாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்த ஆய்வில் ஊசி போட்டவர்கள் எல்லோரும் மருத்துவப் பட்டதாரிகள், அதன்மேல் குறைந்தது 140 மணி நேரம் அக்குபங்சர் பயிற்சி பெற்றவர்கள்.

அடுத்தது சிவி 17, மார்பெலும்பின் நடுவில். எலும்பு தடுக்கும், பயமில்லை என்று நேராக இறக்குகிறார்கள். நூறு பேரில் ஐந்தாறு பேருக்குப் பிறவியிலேயே மார்பெலும்பில் ஒரு துளை உண்டு. தோல், தசைநார் மூடியிருப்பதால் கைக்குத் தட்டுப்படாது. அந்தத் துளை வழியாக ஊசி இதய உறைக்குள் போய் ஒரு பெண் இறந்ததை நார்வே மருத்துவர்கள் 1995-இல் லான்செட்டில் எழுதினார்கள். அந்தப் புள்ளிக்குத் தோலோடு படுக்கை வாட்டில் 0.3 முதல் 0.5 சுன், அதுவே போதும்.

#4 கத்துக்குட்டி

ரொம்ப நன்றி சார். அப்போ ஜிபி 21-ஐ விட்டுவிடுவதா, வேறு மாதிரிப் போடுவதா? கழுத்துவலி, தோள் இறுக்கம் என்று வருபவர்களுக்கு முதலில் அந்தப் புள்ளியைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

#5 பிசியோ_மாட்டுத்தாவணி

டிரை நீடிலிங், அதாவது மருந்தில்லாத ஊசியை இறுகின தசைக்குள்ள போடுறவங்க முறை இது. ஆளைக் குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைங்க. உக்கார வச்சுப் போட வேணாம், மயக்கம் வந்தா சாய்வாங்க, ஊசியோட சாய்வாங்க. டிரபீசியஸ் தசையை, அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல திரண்டு நிக்கிற மேல்சதையை, கட்டைவிரலும் ஆள்காட்டியுமா கொத்தாப் பிடிச்சு நுரையீரல் பக்கத்துல இருந்து மேலே தூக்குங்க. ஊசி முன்னாலிருந்து பின்னால, கிட்டத்தட்டத் தரைக்கு இணையா, அந்தக் கொத்துக்குள்ளேயே போகணும். நீங்க பிடிச்சிருக்கிற விரலைப் பார்த்து ஊசி வரணும். விரல் பிடி தளர்ந்தா ஊசியை அதே நொடியில நிறுத்துங்க. கொத்தாப் பிடிக்க சதை கிடைக்கலைன்னா அந்த ஆளுக்கு அங்க ஊசி கிடையாது, அவ்வளவுதான்.

ஊசி உள்ளே இருக்கும்போது பிடியை விட்டீங்கன்னா தசை கீழே இறங்கும், ஊசியோட திசையும் மாறும். அதனால இந்த முறையில ஊசியை 20 நிமிஷம் வச்சிட்டுப் போற வேலை இல்லை. போட்டு, வேலையை முடிச்சு, எடுத்துட்டுத்தான் கையை எடுக்கணும்.

#6 பழையஊசி

பிசியோ தம்பி சொன்னது சரி, ஆனா படிக்கிற பையன் கைக்கு அது ஒத்துவராது. பிடியும் ஊசியும் ஒரே நேரத்தில் பழகணும். நான் சொல்றது வேற வழி: ஆழத்தைக் கையால் கட்டுப்படுத்தாதே, ஊசியின் நீளத்தால் கட்டுப்படுத்து. ஜிபி 21-க்கு 0.20 x 13 எடுங்க, பின்பக்கமாகச் சாய்த்து 7, 8 மி.மீ. இறக்குங்க. எந்த ஊசியையும் அடி வரைக்கும் இறக்கக்கூடாது. ஊசி உடையறது கைப்பிடியும் கம்பியும் சேர்கிற இடத்தில்தான், மூன்றில் ஒரு பங்கு வெளியே இருந்தால் உடைந்தாலும் பிடித்து இழுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஜிபி 21, கையில் எல்ஐ 4, காலில் எஸ்பி 6 மூன்றும் போடாமல் விடுவது பழைய வழக்கம், அதை மீற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதுகுக்கு வாங்க. யூபி 11 முதல் யூபி 21 வரை, அதாவது விலா சேர்கிற முதுகெலும்பு மட்டம் முழுக்க, நடுக்கோட்டிலிருந்து 1.5 சுன் தள்ளி உள்வரிசை. ஊசி முனை முதுகெலும்பைப் பார்த்துச் சாயணும், 0.5 முதல் 0.8 உடம்புச் சுன். வெளிப்பக்கம் சாய்த்தால் விலா இடுக்கு. 3 சுன் தள்ளி இருக்கும் வெளிவரிசை இன்னும் மோசம், அங்கே தோலை ஒட்டிப் படுக்க வைத்துத்தான். இடுப்புக்குக் கீழே வந்துவிட்டால் மூச்சு விடலாம்: யூபி 25 மாதிரி இடத்தில் 40 மி.மீ. ஊசி நேராகப் போகும். புட்டத்தில் இருக்கும் ஜிபி 30-க்கு 75 மி.மீ. ஊசியே வேணும். பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, 0.30 கனம். காலடி வரை ஷாக் அடித்தால் அது சயாட்டிக் நரம்பு. முறுக்காதீங்க, கொஞ்சம் பின்னுக்கு இழுங்க.

வயிற்றில் சிவி 3, சிவி 4 போடுமுன் பாத்ரூம் போய்வரச் சொல்லுங்க. நிறைந்த மூத்திரப்பை அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இருக்கும்.

#7 தொடுவிரல்

இவ்வளவு ஆபத்தை எண்ணி எண்ணி ஊசி குத்துவானேன்? நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை, ஒரே விரலால் தொட்டாலே உடல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேர் இன்று ஊசியே இல்லாமல்தான் சிகிச்சை தருகிறார்கள். நுரையீரல் கிழிந்தது என்று ஒரு தொடுசிகிச்சையாளர் மேல் புகார் வந்ததுண்டா? ஆழம் பற்றிய கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

#8 எலும்புக்கூடு

விரலால் நுரையீரலைக் குத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தொடுவது சீன மரபுக்கு அந்நியமும் இல்லை. லிங்ஷூ நூல் சொல்லும் ஒன்பது ஊசிகளில் ஒன்று முனை மழுங்கியது, தோலை அழுத்த மட்டும் பயன்படுவது. ஜப்பானில் அதை டெய்ஷின் என்கிறார்கள். குழந்தைகளுக்குத் தோலைத் தேய்த்தும் தட்டியும் செய்யும் ஷோனிஷின்னும் அங்கே உண்டு.

ஆனால் உங்கள் முறையில் ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது. 'புள்ளியைத் தொட்டாச்சு, இனி மாத்திரை வேண்டாம்' என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரலாம். ஸ்டீராய்டும் அப்படித்தான். ஊசியோ விரலோ, மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை எனக்குச் சண்டை இல்லை.

#9 தொடுவிரல்

இன்சுலினை நிறுத்தச் சொல்பவர்களை நானும் ஏற்கவில்லை. அதை எல்லோர் தலையிலும் ஏற்றாதீர்கள்.

#10 மாசிபத்திரி

ஊசி, விரல் இரண்டுக்கும் நடுவில் மோக்ஸா என்று ஒன்று இருப்பதை இந்த இழையில் யாரும் சொல்லக் காணோம். நம் ஊர் மாசிபத்திரியின் இனத்துச் செடிதான், ஆர்ட்டிமீசியா. இலையைக் காயவைத்து இடித்துச் சலித்தால் தூளெல்லாம் உதிர்ந்து பஞ்சு மட்டும் நிற்கும். அதைக் காகிதத்தில் உருட்டினால் மோக்ஸா குச்சி, ஏறக்குறைய 18 மி.மீ. தடிப்பு, 20 செ.மீ. நீளம்.

மேல்முதுகு, தோள், ஒல்லி ஆள் என்று மூன்றும் சேர்ந்தால் எனக்கு ஊசியைவிட இதுதான் முதல் தேர்வு. பற்றவைத்த முனையைத் தோலுக்கு 2, 3 செ.மீ. மேலே பிடித்து, ஒரு புள்ளிக்கு 10 முதல் 15 நிமிடம். தோல் சிவக்கணும், சுடக்கூடாது. உங்கள் இன்னொரு கையின் இரண்டு விரலைப் புள்ளியின் இருபுறமும் வைத்துக்கொள்ளுங்கள், நோயாளிக்கு முன்னால் உங்களுக்குச் சூடு தெரியும். சாம்பல் நீளமாவதற்குள் தட்டிவிடணும், இல்லாவிட்டால் அவர் முதுகில்தான் விழும். எனக்குத் தெரிந்து தீக்காயங்கள் பாதிக்குமேல் குச்சியால் இல்லை, சாம்பலால்தான். அணைக்க தண்ணீர் ஊற்றாதீர்கள், குச்சி வீணாகும். மணல் நிறைந்த கிண்ணத்தில் தலைகீழாகச் செருகினால் மூச்சடைத்து அணையும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனியும், குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது.

நெடுநாள் சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு மோக்ஸா வேண்டவே வேண்டாம். சுட்டாலும் அவர் சொல்லமாட்டார். ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில் புகை வேண்டாம்.

ஆழம் என்ற கேள்விக்கே இன்னொரு கோடி யூபி 67. கால் சுண்டுவிரலின் நக மூலை. ஊசி என்றால் 0.1 சுன், அதாவது தோலைத் தாண்டினால் எலும்பு. அந்த இடத்துக்குப் பேர் வாங்கித் தந்தது ஊசி இல்லை, மோக்ஸாதான், தலைகீழாகத் திரும்பாத கருவுக்கு. சீனத்தின் ஜியாங்ஷியில் 260 பேரிடம் செய்த சோதனை 1998-இல் ஜாமா இதழில் வந்தது. 33-ஆம் வாரத்தில் தொடங்கி 35-ஆம் வாரத்தில் பார்த்தபோது மோக்ஸா வைத்த 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை தலை கீழாக, வைக்காத 130 பேரில் 62 பேருக்கு. இத்தாலியில் அதையே திரும்பச் செய்துபார்த்தார்கள். 123 பேரோடு பாதியில் நின்றது, வித்தியாசமும் தெரியவில்லை. மகப்பேறு மருத்துவருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.

#11 சதவீதம்

ஆழம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ஆழத்தால் பலன் மாறுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜெர்மனியின் கெராக் சோதனை, கீழ்முதுகுவலிக்கு, 2007-இல் வெளியானது, 1,162 பேர். ஒரு குழுவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் 5 முதல் 40 மி.மீ. ஆழம், தே சி வரும்வரை. இன்னொரு குழுவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் 1 முதல் 3 மி.மீ., தே சி தேடாமல். மூன்றாவது குழுவுக்கு மருந்து, பிசியோ, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் 47.6 சதவீதம், 44.2 சதவீதம், 27.4 சதவீதம். முழங்கால் தேய்மானத்துக்கு 2006-இல் வந்த இதன் இணைச் சோதனையிலும் அதே கதைதான்: 53.1, 51.0, 29.1.

ஆழமான ஊசிக்கும் தோலோடு நின்ற ஊசிக்கும் வித்தியாசம் பேருக்குத்தான். இரண்டும் வழக்கமான சிகிச்சையைவிட வெகு மேலே. ஜெர்மன் காப்பீடு 2007 முதல் இந்த இரண்டு நோய்க்கும் அக்குபங்சருக்குப் பணம் தருவது இதன் பிறகுதான். நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: 3 மி.மீ. ஊசிக்கே 44 சதவீதம் வரும்போது, நுரையீரலுக்கு மேலே 20 மி.மீ. இறக்க யாரும் ஒரு காரணமும் காட்ட முடியாது.

#12 பழையஊசி

நுரையீரல் விஷயத்தில் சதவீதம் சாரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனா அதை வைத்து ஆழமே வேண்டாம் என்று போனால் ஏற்க முடியாது. ஒரு சோதனையில் கீழ்முதுகுவலிக்கு வித்தியாசம் தெரியலை, சரி. 2012-இல் 17,922 பேரின் தனித்தனி விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வில், முதுகு, கழுத்து, மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட தலைவலி எல்லாவற்றிலும் போலி ஊசியைவிட நிஜ ஊசி மேல் என்றுதான் வந்தது. இடைவெளி சின்னது, மறைக்கலை. ஆனா இருக்கு.

தே சி என்றால் என்ன என்று பையனுக்கு யாரும் சொல்லலை. ஊசியின் கீழே நோயாளிக்குப் புளிப்பேறின மாதிரி குடைச்சல், மரமரப்பு, உப்பிசம், பாரம். இந்த நாலில் ஒன்று. போட்டவர் விரலுக்கு, காத்துக்கிடந்த தூண்டிலை மீன் கவ்வி இழுத்தது மாதிரி ஊசி கனக்கும். குத்துகிற வலி, எரிச்சல், ஷாக் தே சி இல்லை. எரிந்தால் தோலில் ஸ்பிரிட் காயலை, குத்தினால் ரத்தக்குழாய்ச் சுவர், ஷாக் என்றால் நரம்பு. மூன்றுக்கும் பதில் பின்வாங்குவதுதான், முறுக்குவது இல்லை.

எஸ்டி 36-இல் 20, 25 மி.மீ.யில் தே சி வந்துடும். வராவிட்டால் இன்னும் இறக்காதீங்க, ஊசியை 5 மி.மீ. தூக்கி கோணத்தை மாற்றுங்க. கீழ்க்காலின் முன்னெலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே என்பதைச் சரியாக அளக்காமல் எலும்பை ஒட்டிக் குத்தினவர்களுக்குத்தான் தே சி வராது. தே சிக்காக ஆழம் தேடும் பழக்கத்தைக் கை, காலில் வைத்துக்கொள்ளுங்க. மார்பு, முதுகு, கழுத்தில் தே சி வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

#13 சதவீதம்

2012 ஆய்வு பற்றிச் சொன்னது சரிதான். என் சண்டை 20 மி.மீ.யோடு மட்டும்.

#14 ஸ்டெரைல்_சிஸ்டர்

ஆழம் பற்றி இவ்வளவு பேசியாச்சு, முதல் 4 மி.மீ. பற்றி யாரும் பேசலை. வலிக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகுது.

குழாய் வச்ச ஊசி ஜப்பானிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பார்வையில்லாத மருத்துவர் சுகியாமா வாயிச்சி பரப்பின முறை. குழாய் ஊசியைவிடக் கொஞ்சம் குட்டை, கைப்பிடியின் தலை 4 மி.மீ. போல வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த நீட்டம்தான் முதல் ஆழம். வேலை இப்படி: கை கழுவணும். 70 சதவீத ஸ்பிரிட் பஞ்சால் ஒரே திசையில் துடைக்கணும், காயட்டும் என்று பத்து எண்ணணும். குழாயை வைத்து இடது கையால் தோலோடு அமுக்கிப் பிடிக்கணும், அமுக்கம் தோலின் கூச்சத்தைக் குறைக்கும். ஆள்காட்டி விரலால் ஒரே தட்டு, வேகமா. பயந்து பயந்து நாலு தட்டுத் தட்டினால் முனை தோலுக்குள்ளேயே நின்னு நின்னு போகும், வலி அதனாலதான். மயிர்க்காலில் வைக்காதீங்க. குழாயை எடுத்த பிறகு கைப்பிடியைப் பிடிச்சு இறக்கணும். கம்பியை விரலால் தொட்டு வழிகாட்டினால் அந்த ஊசி அப்பவே அசுத்தம்.

பிசி 6-ஐ ஒரு மாதிரிக்குச் சொல்றேன், வாந்தி, குமட்டலுக்கு எல்லாரும் போடுறது. உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டுக்குக் கீழே சுருட்டிய துண்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடச் சொல்லி மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கச் சொன்னால் நடுவில் ஒரு நரம்புக்கயிறு மாதிரி தசைநாண் புடைக்கும், பால்மாரிஸ் லாங்கஸ். அதுக்குக் கட்டைவிரல் பக்கம் இன்னொரு தடிச்ச நாண். மடிப்பிலிருந்து 2 சுன் மேலே, இரண்டு நாணுக்கும் நடுப்பள்ளம். சிலருக்கு அந்த முதல் நாண் பிறவியிலேயே இருக்காது. அப்போ தடிச்ச நாணின் சுண்டுவிரல் பக்க விளிம்பைப் பிடிச்சுக்கணும். கையைத் தளர்த்தச் சொல்லிட்டுத்தான் ஊசி, இறுக்கத்தில் போடாதீங்க. 0.20 x 25, ஆழம் 8 முதல் 12 மி.மீ. நேர் கீழே மீடியன் நரம்பு. நடுவிரலுக்கு மின்னல் அடிச்சா 3 மி.மீ. வெளியே இழுத்து, சாய்வை மாத்துங்க. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி நரம்பைத் தேடாதீங்க. ஊசி பயமா இருக்கிறவங்களுக்கு அதே புள்ளியில் குமிழ் வச்ச மணிக்கட்டுப் பட்டை இருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகான வாந்திக்கு இந்தப் புள்ளியைத் தூண்டின 59 சோதனைகளை காக்ரேன் 2015-இல் சேர்த்துப் பார்த்தது, அதில் பட்டையும் உண்டு, பலன் தெரிஞ்சது.

கடைசியா எண்ணிக்கை. போட்ட ஊசி எத்தனைன்னு சீட்டில் எழுதணும், எடுத்ததும் எழுதணும். தலைமுடிக்குள்ள ஜிபி 20, டியூ 20-இல் ஊசியை விட்டுட்டு வீட்டுக்கு அனுப்புறது எங்கும் நடக்கிற தப்பு. எடுத்த ஊசி வெள்ளை நிற, குத்தித் துளைக்க முடியாத டப்பாவுக்கு. 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிப்படி கூர்மையானதுக்கு அந்த டப்பாதான். மூடி திருப்பி மாட்டுற வேலை வேண்டாம், விரலைக் குத்திக்குவீங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கிறவங்களுக்கு எடுத்த இடத்தை இரண்டு மூணு நிமிஷம் காய்ந்த பஞ்சால் அழுத்திப் பிடிங்க. இதய வால்வுக் கோளாறு உள்ளவங்களுக்குக் காதில் நாள்கணக்கில் ஒட்டிவிடுற அழுத்தூசி வேண்டாம். கிருமி ரத்தத்துக்குப் போனால் வால்வில் உக்காரும்.

#15 ஈரோட்டான்

ஊசி போட யாருக்கு உரிமை? மத்திய அரசு 2019-இல் அங்கீகரிச்சாச்சே, டிப்ளமா போதும்தானே?

#16 மட்டுறுத்துநர்

2019 உத்தரவு, மேற்கு வங்கத்தின் 1996 சட்டம், பதிவு, கவுன்சில் இதெல்லாம் தனி இழையில் பேசுங்கள். இங்கே ஆழம் மட்டும்.

#17 பிசியோ_மாட்டுத்தாவணி

சிஸ்டர் சொன்ன ஜிபி 20-ஐ ஒரு வரியில முடிக்காம விடக்கூடாது. தலை எலும்போட அடிவிளிம்புல, கழுத்து ரெண்டு தசைக்கும் நடுவுப் பள்ளம். ஊசி முனை மூக்கு நுனியைப் பார்த்து, கொஞ்சம் கீழ்நோக்கி, 15 மி.மீ. போதும். மேல்நோக்கி உள்பக்கமா ஏத்தினா அங்க இருக்கிறது மூளைத்தண்டு, முதுகெலும்புத் தமனி. நடுக்கோட்டில இருக்கிற டியூ 16-ம் அப்படித்தான், தாடையைப் பார்த்துதான் ஊசி. தெரியாம ஊசி மேல்நோக்கிப் போகாம இருக்க, ஆளோட தலை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க. தலையணை உசரமா இருந்து கழுத்து மடங்கியிருந்தா நீங்க நேர்னு நினைக்கிறது மேல்நோக்கிப் போயிருக்கும்.

#18 கத்துக்குட்டி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இன்னும் ஒரே சந்தேகம். எஸ்டி 36-இல் ஊசி இருக்கும்போது நோயாளி பாதத்தை அசைத்தால் ஊசி வளைந்து மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை, அவருக்கும் வலி. அப்போது என்ன செய்வது?

#19 பழையஊசி

இழுக்காதீங்க, முறுக்காதீங்க. பாதத்தை மேலே மடக்கும்போது இறுகுகிற தசை எதுவோ, எஸ்டி 36 அதுக்குள்ளேயேதான் இருக்கு. அது ஊசியைக் கவ்விப் பிடிச்சிருக்கு. பாதத்தை முதலில் எப்படி வைத்திருந்தாரோ அதே நிலைக்கு நீங்களே மெதுவாகக் கொண்டுபோங்க, அவரை அசைக்கச் சொல்லாதீங்க. ஊசியைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி விரலால் லேசாகத் தடவிக்கொடுங்க. இரண்டு நிமிஷம் பொறுங்க. இன்னும் இறுக்கம் என்றால் பக்கத்தில் 3 செ.மீ. தள்ளி இன்னொரு மெல்லிய ஊசி ஆழமில்லாமல் போட்டால் தசை விடும். முன்னே ஒரே பக்கமாக முறுக்கியிருந்தால் அதே அளவு திருப்பி முறுக்கணும், தசைநார் கம்பியில் சுற்றியிருக்கும். வளைந்த ஊசியை நேராக இழுக்காமல் வளைவின் போக்கிலேயே எடுங்க.

அடுத்த முறை முழங்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய போர்வை வைங்க, காலில் இறுக்கம் இருக்காது. 'அரிச்சாலும் காலை அசைக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க' என்று முதலிலேயே சொல்லிட்டு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருங்க. வளைந்த ஊசியை நிமிர்த்தித் திருப்பிப் போடாமல் வெள்ளை டப்பாவில் போடுங்க.